பூட்டைத் திறந்த கரீபியன் மருத்துவர்கள்

1990களில் லண்டன் மனநல மருத்துவமனை ஒன்றின் வார்டுகளில், ஜமைக்காவைச் சேர்ந்த கறுப்பின மருத்துவர் ஒருவர் நோயாளிகளிடம் ஒவ்வொருவராக உட்கார்ந்து பேசினார். அவர்களுக்கு என்ன நோய் என்று பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஏற்கெனவே கோப்புகளில் எழுதியிருந்தார்கள். அதே நோயாளிகளை இவரும் பரிசோதித்து, தன் முடிவைத் தனியாக எழுத வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதுதான் ஆய்வு. மனச்சிதைவு என்று கோப்பில் எழுதப்பட்டிருந்த ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-கரீபியன் வம்சாவளி நோயாளிகள் 29 பேர். அவர்களில் 16 பேர் விஷயத்தில் இரு தரப்பு முடிவுகளும் ஒத்துப்போயின. 13 பேர் விஷயத்தில் ஒத்துப்போகவில்லை.

1999-ல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி’ இதழில் வெளியான இந்த ஆய்வு, யார் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுதவில்லை. ஆனால், ஒருவரை ஆயுள் முழுக்கத் தொடரப்போகும் நோய்ப் பெயர் விஷயத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி கருத்து வேறுபாடு என்பது சாதாரணமானதல்ல. நோயாளியின் ஊர், பேச்சு, வழிபாடு, வாழ்ந்த வாழ்க்கை எதுவும் தெரியாமல் மனநல மருத்துவம் பார்க்க முடியுமா என்ற கேள்வியை அது எழுப்பியது. அந்தக் கேள்வியோடு தன் பணிக்காலம் முழுவதையும் கழித்தவர்தான் அந்த ஜமைக்க மருத்துவர். பெயர் ஃபிரெடரிக் ஹிக்லிங் (1944-2020).

கரீபியன் தீவுகளில் அரசுப் பணியில் இருக்கும் மனநல மருத்துவர், மருந்துச் சீட்டு எழுதுவதோடு வேலையை முடித்துக்கொள்ள முடியாது. ஆயிரக்கணக்கானோர் அடைந்து கிடந்த மருத்துவமனைகளை நிர்வகித்து, சட்டத் திருத்தங்களுக்கு வழி வகுத்து, செவிலியர்களுக்கு அதிகாரம் பெற்றுத் தந்து, வானொலியில் பேசி, பள்ளிக்கூடங்களுக்குப் போய், சிறைக் கைதிகளுக்காக அறிக்கை எழுதி வாழ்ந்த ஒரு தலைமுறை அங்கே இருந்தது. நிபுணர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கும் நாட்டில் மனநல சேவையை எப்படி ஊரெங்கும் கொண்டுசேர்ப்பது என்பதற்கு அவர்களுடைய அனுபவம் ஒரு பாடப் புத்தகம். அவர்கள் தொடங்கியதை அரசுகள் பாதியிலேயே விட்டது எப்படி என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

தண்ணீர்த் தொட்டியில் தொடங்கிய வரலாறு

ஹிக்லிங் தலைமுறையினர் எதைச் சுமக்க நேர்ந்தது என்பதை அறிய 1860-க்குப் போக வேண்டும். ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் இருந்த மனநோயாளிகள் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த ஆன் பிராட் என்ற பெண், அங்கே தான் கழித்த ஏழு மாதங்களைப் பற்றி அந்த ஆண்டு ஒரு சிறு நூல் வெளியிட்டார். சொன்ன பேச்சைக் கேட்காத பெண்களைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளி, மூச்சுத் திணறும்வரை அமுக்கிப் பிடிப்பது அங்கே வழக்கமான தண்டனை. உள்ளூர் மருத்துவர் லூயிஸ் பவர்பேங்க் ஏற்கெனவே இந்தக் காப்பகத்தின் அவலங்களை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தார். 1861-ல் விசாரணை ஆணையம் அமைந்தது. குற்றச்சாட்டுகள் உண்மை என்று தெரியவந்தது. அதன் அதிர்வு லண்டன்வரை எட்டியது. 1863-ல் பிரிட்டிஷ் காலனித் துறை, தன் ஆளுகைக்கு உட்பட்ட நாடுகளின் மருத்துவமனைகளும் காப்பகங்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டு எல்லா இடங்களுக்கும் கேள்விப் பட்டியல் அனுப்பியது. வாய் திறந்த ஒரு நோயாளியால் தொடங்கிய சீர்திருத்தம் இது.

கிங்ஸ்டனின் கிழக்கே, துறைமுகக் கரையை ஒட்டி எழுந்த புதிய காப்பகமே பிற்காலத்தில் பெல்வியூ மருத்துவமனை ஆனது. கட்டடம் புதிதானாலும் அதன் பயன்பாடு முழுக்க மருத்துவம் சார்ந்ததாக இருக்கவில்லை. ஆகஸ்ட் டவுன் என்ற ஊரில் ஆயிரக்கணக்கானோரைத் தன் பின்னால் திரட்டிய கறுப்பினப் போதகர் அலெக்சாண்டர் பெட்வர்ட் மீது 1895-ல் ராஜ துரோக வழக்குப் போட்டார்கள். புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் விடுவிக்க, அவரை நேராகக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வெளியே வந்தவர், 1921-ல் ஆதரவாளர்களுடன் கிங்ஸ்டனை நோக்கி ஊர்வலம் புறப்பட்டபோது மீண்டும் கைதானார். இம்முறை வெளியே வரவில்லை. 1930-ல் அங்கேயே இறந்தார். ராஸ்தஃபாரி இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான லெனார்ட் ஹோவலையும் அரசு இதே இடத்துக்குத்தான் அனுப்பியது.

ஜமைக்காவின் ஸ்கா இசையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான டிராம்போன் கலைஞர் டான் டிரம்மண்ட், தன் காதலியைக் கொலை செய்த வழக்கில் பெல்வியூவில் அடைக்கப்பட்டு 1969-ல் அங்கேயே இறந்தார். அவருடைய நோய் உண்மையானது. ஆனால், போதகரையும் கலகக்காரரையும் நோயாளியையும் ஒரே கதவுக்குள் தள்ளிய இடத்தை மக்கள் எப்படி மருத்துவமனையாகப் பார்ப்பார்கள்? வெள்ளைக் கோட்டுப் போட்டு அங்கே வேலைக்குச் சேரும் இளம் மருத்துவரை ஊர் ஜனம் பாதி போலீஸ்காரராகவே பார்த்தது. அந்தப் பெயரை மாற்றுவதே அவருடைய முதல் வேலை.

சட்டம் தந்த புதுக் கைகள்

1962-ல் ஜமைக்கா சுதந்திரம் பெறும் தறுவாயில் பெல்வியூவில் சுமார் 3,000 பேர் இருந்தார்கள். அப்போது நாட்டின் மொத்த மக்கள்தொகை சுமார் 16 லட்சம்தான். மனநலத்துக்கென்று பயிற்சி பெற விரும்பும் உள்ளூர் மருத்துவர் எடின்பரோவுக்கோ லண்டனுக்கோ கப்பலேற வேண்டும். போனவர்களில் பலர் அங்கேயே தங்கிவிடுவார்கள்.

இந்த நிலையை மாற்றியவர்களில் இருவர் முக்கியமானவர்கள். பெல்வியூவின் தலைமைப் பொறுப்பில் இருந்த கென்னத் ராய்ஸ், 1960களிலேயே சிகிச்சையை மருத்துவமனைச் சுவருக்கு வெளியே கொண்டுசெல்ல வேண்டும் என்று வாதாடியவர். டிரினிடாடில் செயின்ட் ஆன்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய மைக்கேல் போப்ரன், மதுப் பழக்கத்தை ஒழுக்கக் கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்த்து, அதற்கென்று 1950களிலேயே தனிப் பிரிவு தொடங்கியவர். பிறகு ஜமைக்காவின் மோனா வளாகத்தில் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் முதல் மனநல மருத்துவப் பேராசிரியரானார். 1970களில் அங்கே முதுநிலைப் பயிற்சி தொடங்கியதும், கரீபியன் மருத்துவர் ஒருவர் கரீபியன் நோயாளிகளிடமே தொழில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு முதல்முறையாகக் கிடைத்தது.

அந்தக் காலகட்டத்தில்தான் ஹிக்லிங் பெல்வியூவில் பொறுப்பேற்றார். 1974-ல் ஜமைக்காவின் மனநல மருத்துவமனைச் சட்டம் திருத்தப்பட்டது. சாதாரணப் பொது மருத்துவமனையிலும் மனநோயாளியைச் சேர்த்துக்கொள்ள அது வழி செய்தது. ‘மனநல அலுவலர்’ என்ற புதுப் பதவியும் உருவானது. மனநலப் பயிற்சி பெற்ற செவிலியரே அந்த அலுவலர். நோயாளியின் வீட்டுக்கே போவது, நிலைமை முற்றியிருந்தால் சட்டப்படி அவரை மருத்துவமனைக்கு அழைத்துவருவது ஆகிய அதிகாரங்கள் அவருக்குக் கிடைத்தன.

படிக்கும்போது இது ஒரு நிர்வாக ஆணைபோலத் தோன்றலாம். ஊரில் அது என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று பார்க்க வேண்டும். ஜமைக்காவில் மாவட்டங்களைப் போல 14 பாரிஷ்கள் இருக்கின்றன. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் மனநல கிளினிக் நடக்கும் நாளில் பெஞ்சு நிறைய ஆட்கள். பாட்டியோடு பேரன், தங்கையோடு அண்ணன், தனியாக வந்த தாய். மாதம் ஒருமுறை போடும் ஊசிக்காக வந்தவர்கள்தான் அவர்களில் பெரும்பாலானோர். தினமும் மாத்திரை விழுங்க மறக்கும், மறுக்கும் நோயாளிக்கு இந்த ஊசி ஒரு வரப்பிரசாதம். ஊசி போடும் செவிலியரிடம் ஒரு பதிவேடு இருக்கும். இந்த மாதம் யார் வரவில்லை என்பது அதில் தெரியும். வராதவரின் வீட்டைத் தேடிப் போவதும் அவர் வேலை. குரல் கேட்கிறது என்று மறுபடி சொல்ல ஆரம்பித்திருக்கிறாரா, தூக்கம் கெட்டிருக்கிறதா, கஞ்சா அதிகமாகிவிட்டதா, வீட்டில் சண்டையா என்று திண்ணையில் உட்கார்ந்தே கண்டுபிடித்துவிடுவார். மனநல மருத்துவர் எப்போதாவதுதான் அந்தக் கிளினிக்குக்கு வர முடியும். வரும்போது, செவிலியர் ஒதுக்கிவைத்திருக்கும் சிக்கலான நோயாளிகளை மட்டும் பார்ப்பார். புதிதாக வந்தவர், மருந்து ஒத்துக்கொள்ளாதவர், கர்ப்பிணி, நீதிமன்றத்திலிருந்து அறிக்கை கேட்கப்பட்டவர் எனப் பட்டியல் தயாராக இருக்கும்.

நிபுணரின் ஒரு மணி நேரத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதைச் செவிலியர் முடிவு செய்யும் முறை இது. ஏழை நாடுகளில் மனநல சேவையைப் பரப்ப இதைவிட நடைமுறைக்கு ஒத்துவரும் வழி கண்டுபிடிக்கப்படவில்லை.

பொது மருத்துவமனையில் மனநோயாளியைப் படுக்கவைப்பதற்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. காய்ச்சலுக்கும் சர்க்கரை நோய்க்கும் படுத்திருப்பவர்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் மனச்சிதைவு நோயாளியா என்று மருத்துவர்களே தயங்கினார்கள். ஜமைக்காவில் அது நடந்தது. பூட்டிய தனிப் பிரிவுகூட இல்லாத சாதாரண வார்டுகளில், கடும் நிலையில் வந்த நோயாளிகள் சிகிச்சை பெற்றார்கள். அப்படிச் சிகிச்சை பெற்றவர்களையும் பெல்வியூவில் சேர்க்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டு ஹிக்லிங்கும் சகாக்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், பொது வார்டு நோயாளிகளுக்குக் கிடைத்த பலன் எவ்வகையிலும் குறையவில்லை என்று தெரிந்தது. பூட்டு இல்லாவிட்டால் சிகிச்சை நடக்காது என்ற நூற்றாண்டு கால நம்பிக்கைக்கு ஆதாரத்தோடு கிடைத்த மறுப்பு அது. 3,000 பேர் இருந்த பெல்வியூவின் எண்ணிக்கை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 1,000-க்கும் கீழே வந்தது.

மேடை ஏறிய நோயாளிகள்

பல ஆண்டுகள் மருத்துவமனையிலேயே கிடந்தவர்களை என்ன செய்வது? குடும்பம் கைவிட்டுவிட்டது. தொழில் மறந்துவிட்டது. சிலருக்குப் பேச்சே குறைந்துவிட்டது. 1978-ல் ஹிக்லிங் பெல்வியூவில் தொடங்கிய ‘பண்பாட்டு சிகிச்சை’ இவர்களுக்கானது. நோயாளிகளும் செவிலியர்களும் ஊழியர்களும் ஒன்றாக உட்கார்ந்து, தாங்கள் இருக்கும் மருத்துவமனையின் வரலாற்றையும் தங்கள் நாட்டின் வரலாற்றையும் பேசிப் பேசித் தொகுத்தார்கள். அடிமைமுறை, தோட்டங்கள், காப்பகம், பெட்வர்ட் எல்லாம் அதில் வந்தன. அந்தப் பேச்சிலிருந்து ஒரு நாடகம் உருவானது. மருத்துவமனை வளாகத்திலேயே திறந்தவெளி அரங்கம் அமைத்து, நோயாளிகளே நடித்துப் பாடி ஆடினார்கள். அதுவரை சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் பயந்த கிங்ஸ்டன் மக்கள் பார்வையாளர்களாக உள்ளே வந்தார்கள்.

இந்த முயற்சி சில ஆண்டுகளே நீடித்தது. 1980களின் தொடக்கத்தில் நின்றுபோனது. ஒரு மருத்துவரின் ஆர்வத்தில் தொடங்கும் நல்ல திட்டம், அரசின் வழக்கமான செலவினமாக மாறாதவரை இப்படித்தான் முடியும். இருந்தாலும் அந்த யோசனையை ஹிக்லிங் விடவில்லை. வானொலியில் நேயர்கள் தொலைபேசியில் அழைத்துத் தங்கள் மனக்குறையைச் சொல்லும் நிகழ்ச்சியை அவர் நடத்தினார். கிளினிக் வாசலை மிதிக்கக் கூச்சப்பட்டவர்கள் பேர் சொல்லாமல் பேசினார்கள். தன்னைப் போலவே இன்னொருவருக்கும் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே பலருக்கு முதல் சிகிச்சையாக அமைந்தது.

1990களைப் பர்மிங்ஹாமில் கழித்துவிட்டு ஜமைக்கா திரும்பிய ஹிக்லிங், பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 2006-ல் கிங்ஸ்டனின் ஏழைப் பகுதித் தொடக்கப் பள்ளி ஒன்றில் 30 குழந்தைகளுடன் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். படிப்பில் பின்தங்கியவர்கள், வகுப்பில் அடங்காதவர்கள் என்று ஆசிரியர்கள் கைகாட்டிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவர்கள். துப்பாக்கிச் சத்தம் அன்றாடமாகிவிட்ட தெருக்களிலிருந்து வந்தவர்கள். வேறொரு கோளில் உங்களுக்கென்று ஓர் உலகம் செய்துகொள்ளலாம், இங்கிருந்து எதை எடுத்துப்போவீர்கள், எதை விட்டுவிட்டுப் போவீர்கள் என்று அவர்களிடம் கேட்டார்கள். பிள்ளைகள் அந்த உலகத்தை வரைந்தார்கள், பாட்டு கட்டினார்கள், ஆடினார்கள். கூடவே பாடமும் நடந்தது. அந்தக் குழந்தைகளின் மதிப்பெண்ணும் நடத்தையும் மேம்பட்டதாக ஆய்வு காட்டியது. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கு இத்திட்டம் விரிந்தது. மனநல மருத்துவருக்குப் பள்ளியில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, பெல்வியூவில் பல ஆண்டுகள் கிடந்தவர்களைப் பார்த்த மருத்துவர் தந்த பதில் இது.

அவர் சொன்னதெல்லாம் ஏற்கப்பட்டுவிடவில்லை. ஜமைக்கர்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தினருக்கு ஆளுமைக் கோளாறு இருக்கிறது என்று அவரும் சகாவும் முன்வைத்த ஆய்வு நாட்டில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ஒரு சமூகத்தின் வன்முறையை நோய்ப் பெயரால் விளக்கிவிட முடியுமா என்ற கேள்வி நியாயமானதே. காலனிய ஆட்சி தந்த நோய்ப் பெயர்களைச் சந்தேகித்தவர் என்பதால் அவருடைய நோய்ப் பெயர்களை யாரும் சந்தேகிக்கக் கூடாது என்றாகிவிடாது.

ஆனால் புலம்பெயர்ந்தவர்கள் விஷயத்தில் அவர் செய்த பணியை யாரும் ஒதுக்க முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனுக்கு வேலைக்குப் போன கரீபியன் மக்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் மனச்சிதைவு மிக அதிகம் என்று அங்கே தொடர்ந்து சொல்லப்பட்டது. 2006-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, அது வெள்ளையரைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு என்றது. இனத்திலேயே ஏதோ கோளாறு என்று நினைப்பவர்களுக்கு இந்த எண் வசதியாக இருந்தது. ஆனால், 1995-ல் ஜமைக்காவில் ஹிக்லிங் நடத்திய ஆய்விலும், அதையடுத்து டிரினிடாடிலும் பார்படாஸிலும் வேறு குழுக்கள் நடத்திய ஆய்வுகளிலும் சொந்த மண்ணில் இருக்கும் கரீபியன் மக்களிடம் அந்த நோய் அப்படி மிகையாக இல்லை என்று தெரியவந்தது. ஆகவே தேட வேண்டிய காரணம் பிரிட்டனில் அவர்கள் வாழ நேர்ந்த வாழ்க்கையில் இருக்கிறது. தனிமை, பாகுபாடு, வறுமை, அங்கே நோயை அளக்கும் விதம் ஆகியவை மீது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது.

ஆல்பியன் கோயிலும் அரசு மருத்துவமனையும்

தமிழ் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டிய ஓர் அத்தியாயம் கயானாவில் இருக்கிறது. தென் அமெரிக்கக் கரையில் இருந்தாலும் வரலாற்றாலும் பண்பாட்டாலும் கரீபியன் நாடாகவே கருதப்படும் கயானாவுக்கு, 1838-லிருந்து 1917 வரை சுமார் 2.39 லட்சம் இந்தியர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகம் வழியே போன வட இந்தியர்கள். சிறு பகுதியினர் சென்னையில் கப்பலேறிய தமிழர்களும் தெலுங்கர்களும். ‘மதராசிகள்’ என்று அங்கே அழைக்கப்படும் அவர்கள் மாரியம்மனையும் காளியையும் கூடவே கொண்டுபோனார்கள். வேப்பிலை, தப்பு, உடுக்கை, கரகம், சாமியாட்டம் எல்லாம் இன்றும் அங்கே உண்டு. உடல் நோயோ மன நோயோ, மருந்தால் தீராத எதற்கும் அம்மன் கோயில் ஒரு போக்கிடம்.

நாட்டின் மனநல மருத்துவமனை இருப்பதும் இவர்கள் செறிந்து வாழும் பெர்பிஸ் பகுதியில்தான். நியூ ஆம்ஸ்டர்டாம் நகரை ஒட்டிய ஃபோர்ட் கான்ஜே என்ற இடத்தில் அது இருக்கிறது. 1875-லிருந்து பத்தாண்டு காலம் அதை நடத்திய ராபர்ட் க்ரீவ், நோயாளிகளைக் கட்டிப்போடுவதைக் கைவிட்டு வேலை, இசை, ஒழுங்கான உணவு என்று மாற்றியவர். காப்பகத்துக்கென்று 1880களிலேயே ஒரு மருத்துவ இதழையும் நடத்தினார்.

1960களில் அங்கே பொறுப்பிலிருந்த என்ரிக் அரனேட்டா என்ற ஃபிலிப்பினோ மனநல மருத்துவர் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார். ஆல்பியன் என்ற ஊரின் காளி கோயில் பூசாரி ஜேம்சி நாயுடு, தன்னிடம் வரும் மனநோயாளிகளால் அந்தப் பகுதியெங்கும் பேர் பெற்றவர். அரனேட்டாவும், மானுடவியலாளர் ஃபிலிப் சிங்கரும் அந்தப் பூசாரியை எதிரியாகப் பார்க்கவில்லை. கோயில் சடங்குகளைப் போய்ப் பார்த்தார்கள். நோயின் வரலாற்றைக் கேட்டறிவது எப்படி, எந்த அறிகுறி என்ன நோயைக் காட்டுகிறது என்பவற்றைப் பூசாரியோடு பகிர்ந்துகொண்டார்கள். பிற்பாடு 1976-ல் இந்த அனுபவம் ஆய்வுக் கட்டுரையாக அச்சானபோது, கட்டுரையாளர்களில் ஒருவராக நாயுடுவின் பெயரும் இடம்பெற்றது.

கரீபியன் தீவுகளின் சட்டங்களோடு இதை ஒப்பிட வேண்டும். ஜமைக்காவில் ‘ஒபியா’ எனப்படும் ஆப்பிரிக்க வழிச் சடங்குகளைக் குற்றமாக்கும் 1898-ம் ஆண்டுச் சட்டம் பல தலைமுறைகளைத் தாண்டி நீடிக்கிறது. ஏவல், பில்லி என்று நம்பும் நோயாளி, மருத்துவரிடம் அதைச் சொல்லவே பயப்படுவார். சொல்லாததை வைத்து எப்படிச் சிகிச்சை தருவது? கோயிலும் பூசாரியும் மருந்துக்கு மாற்றாக முடியாது. ஆனால் நோயாளி முதலில் போகும் இடம் எது என்று தெரிந்துகொண்டு, அங்கிருந்து மருத்துவமனைக்கு ஒரு வழி போட்டுவைப்பது மருத்துவரின் கடமை. அரனேட்டா அதைச் செய்தார்.

அந்த வழி நிரந்தரமாகியிருந்தால் கயானா எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2014-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2012-ல் உலகிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகம் இருந்த நாடு கயானா. லட்சம் பேருக்கு 44.2. இந்திய வம்சாவளியினரே இதில் பெரிதும் பாதிக்கப்பட்டார்கள். கையெட்டும் தூரத்தில் இருக்கும் பூச்சிமருந்துதான் பெரும்பாலும் உயிரைக் குடித்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் சட்டப்படி குற்றவாளி என்ற நிலை 2022-ல்தான் மாறியது. மனநல மருத்துவமனைகளுக்கான 1930-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதில் புதிய மனநலச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. பிழைத்து வந்தவரைப் போலீஸுக்குப் பயந்து வீட்டார் ஒளித்துவைத்த காலம் அதுவரை நீடித்தது.

இன்னும் தொங்கும் பூட்டுகள்

சட்டம் மாறினாலும் பழக்கம் உடனே மாறிவிடுவதில்லை. 1999 ஜூலையில் ஜமைக்காவின் சுற்றுலா நகரமான மாண்டிகோ பேயில், தெருவில் வாழ்ந்த 30-க்கும் மேற்பட்டோரை இரவோடு இரவாகப் பிடித்து, கட்டி, லாரியில் ஏற்றி, பல மைல் தூரத்தில் உள்ள செயின்ட் எலிசபெத் பாரிஷில் பாக்சைட் ஆலைக் கழிவான செஞ்சேற்று ஏரிக்கு அருகில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவர்களில் பலர் மனநோயாளிகள். நகரத்தைச் ‘சுத்தமாக’ வைத்துக்கொள்ளும் வேலையாம் அது. நாடே கொதித்தது. விசாரணை ஆணையமும் இழப்பீடும் வந்தன. இருந்தாலும் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வெளியே அனுப்பப்படுபவருக்கு வெளியே வீடு இருக்க வேண்டும், வேலை இருக்க வேண்டும், தேடிவர ஒரு செவிலியர் இருக்க வேண்டும். அவை இல்லாமல் காப்பகத்தைக் காலி செய்தால் தெருதான் அடுத்த காப்பகம்.

அதற்கும் அடுத்தது சிறை. 2020 ஜனவரியில் கிங்ஸ்டன் சிறையில் 81 வயதுக் கைதி ஒருவர் இறந்தார். எலும்பும் தோலுமாக, பூச்சிக் கடியும் படுக்கைப் புண்ணுமாக இருந்தது அவர் உடல். விசாரணையே நடக்காமல் 40 ஆண்டுகள் உள்ளே இருந்தவர் அவர். மனநிலை காரணமாக வழக்கை எதிர்கொள்ளத் தகுதியற்றவர் என்று சொல்லி, கவர்னர் ஜெனரலின் விருப்பத்துக்கு உட்பட்டு வைத்திருப்பது என்ற பழைய பிரிட்டிஷ் முறையில் அடைக்கப்பட்டவர். அரசின் சுயேச்சை விசாரணை ஆணையம் இதை வெளிக்கொண்டுவந்தபோது, அவரைப் போல இன்னும் நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறையில் இருப்பது தெரிந்தது. 1970-ல் கைதான இன்னொருவர், விசாரணையின்றி 50 ஆண்டுகள் கழித்து 2020 ஜூனில் விடுதலையானார். இப்படிப்பட்ட கைதியின் கோப்பு நகர வேண்டுமானால் மனநல மருத்துவர் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும், அந்த அறிக்கை நீதிமன்றத்தைச் சேர வேண்டும், நீதிமன்றம் அதைக் கையில் எடுக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் ஒரு ஆயுள் தொலைந்துபோகும்.

மனநோயாளிகளின் இருப்பிடம் அதிகாரம் படைத்தவர்களின் வரைபடத்தில் இல்லாமலே போய்விடும் என்பதற்கு கிரெனடா சாட்சி. 1983 அக்டோபரில் அந்தத் தீவுக்குள் புகுந்த அமெரிக்கப் படையின் விமானங்கள், ராணுவக் கோட்டை என்று நினைத்து ரிச்மண்ட் ஹில்லில் இருந்த மனநல மருத்துவமனை மீது குண்டு போட்டன. குறைந்தது 18 நோயாளிகள் இறந்தார்கள். அது மருத்துவமனை என்பது பல நாட்களுக்குப் பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது.

இத்தனைக்கும் நடுவே அரசு மனநல மருத்துவர்களின் எண்ணிக்கை சொற்பமாகவே இருக்கிறது. சிறிய தீவுகளில் ஒருவரோ இருவரோதான். அவர்கள் விடுப்பில் போனால் அந்த நாட்டிலேயே மனநல மருத்துவர் கிடையாது. பயிற்சி பெற்ற செவிலியர்களை பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் கூடுதல் சம்பளத்தோடு அழைத்துக்கொள்கின்றன. கரீபியன் நாடுகள் காசு செலவழித்து உருவாக்கும் செவிலியர், பணக்கார நாட்டின் வார்டில் வேலை செய்கிறார். மனநலத்துக்கென்று ஒதுக்கும் சிறு தொகையிலும் பெரும் பங்கு பழைய காப்பகக் கட்டடங்களின் பராமரிப்புக்கே போகிறது. கிளினிக்குக்கு வரும் பெருங்கூட்டத்துக்கும் வீடு வீடாகப் போகும் செவிலியருக்கும் மிச்சம்தான் கிடைக்கிறது. நோயாளிகள் சுவரைத் தாண்டி வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. பணம் இன்னும் சுவருக்குள்ளேயே இருக்கிறது.

ஹிக்லிங்கும் ராய்ஸும் போப்ரனும் செய்துகாட்டியது தற்செயலான சாதனை அல்ல. செவிலியருக்குச் சட்ட அதிகாரம், பொது மருத்துவமனையில் கட்டில், உள்ளூரிலேயே மருத்துவருக்குப் பயிற்சி ஆகிய மூன்றும் கைகோத்ததால் நடந்தது. இவற்றில் எதுவும் பெரும் பணம் கேட்பதில்லை. கேட்பது தொடர்ச்சியை. ஆட்சி மாறினாலும் மருத்துவர் ஓய்வுபெற்றாலும் கிளினிக் நாள் மாறாமல் நடக்க வேண்டும், ஊசி மருந்து தீராமல் இருக்க வேண்டும்.

ஆகவே கரீபியன் அரசுகள் செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. காப்பகத்தில் ஒரு கட்டில் குறைந்தால் அதற்கான பணம் நோயாளியோடு சேர்ந்து அவருடைய பாரிஷுக்குப் போக வேண்டும். விசாரணையின்றிச் சிறையில் இருக்கும் ஒவ்வொரு மனநோயாளியின் கோப்பையும் குறித்த காலத்துக்குள் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்பது சட்டமாக வேண்டும். கரீபியன் செவிலியர்களை அழைத்துக்கொள்ளும் பணக்கார நாடுகள், அவர்களைப் பயிற்றுவிக்கும் செலவில் பங்கேற்க வேண்டும். மனநல மருத்துவர்கள் போதவில்லை என்று கைவிரிக்கும் எந்த நாட்டு அரசும் முதலில் ஜமைக்காவின் மனநல அலுவலரைப் பார்த்து வரட்டும். அவரைப் போன்ற ஒரு செவிலியருக்கு முறையான ஊதியம், போய்வர ஒரு வண்டி, தட்டுப்பாடில்லாத மருந்து ஆகிய மூன்றையும் கொடுத்த பிறகு, புதிய மருத்துவமனைக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.